இரண்டு தாள் சேர்த்துப் புரட்டியவள்

வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கையில் வேலை இருந்தால் கீழே வைக்க வேண்டாம். கபைகுவான் ஊரில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் காது நன்றாகக் கேட்கும். ஒரு காதல் நாவலில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டதால் ஒரு வீடே ஆடிப்போன வெள்ளிக்கிழமையின் கதை இது. கேட்டு முடித்துவிட்டு எழுந்திருங்க.

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சொராய்தா சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பவள். இருநூறு பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து இலை சுருட்டும் கூடத்தில், மேடையேறி, காலையில் செய்தித்தாளும் மதியத்துக்கு மேல் நாவலும் மைக்கில் வாசிப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அந்தக் குரலுக்குத்தான் அந்தக் கூடம் சுருட்டுகிறது. வாசித்தது பிடித்திருந்தால் இலை வெட்டும் பிறைக்கத்தியால் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள்.

ஐந்தாம் வரிசையில் சுருட்டுகிறவள் அவள் அக்கா ஓர்த்தென்சியா. சொராய்தா கணவனை இழந்த நாளிலிருந்து அக்கா, தங்கை, தங்கையின் மகள் மைரேலிஸ் என்று மூன்று பெண்களும் ஒரே வீட்டில்தான். அந்த வீட்டில் அரிசி ஊறுவதும் கூரை ஒழுகாமல் இருப்பதும் அக்காவின் கையில்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஓர்த்தென்சியாவுக்குக் கல்யாணத் துணி தைத்து முடித்த வாரத்தில், மாப்பிள்ளை எவாரிஸ்தோ வேலை தேடிக் கிழக்கே போனவன் போனவன்தான். ஒரு சொல் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நரைத்த தலையோடு திரும்பி வந்து நின்றான். நுவேவித்தாஸ் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, என்னோடு வா என்றான். இத்தனை வருஷம் ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை ரயில்.

அதே சமயத்தில்தான் கூடத்தார் கைதூக்கி ஓட்டுப் போட்டு, தங்கள் செல்ல எழுத்தாளர் செலஸ்தே உருட்டியாவின் புது நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். 'ஏழாம் வருஷத்து மழை'. அதில் எலோய்சா என்றொருத்தி ரயிலடியில் பெட்டியோடு காத்திருக்கிறாள். டாமியான் வரவில்லை. ஏழு வருஷம் கழித்து வந்து நிற்கிறான். கூடமே ஐந்தாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. ஓர்த்தென்சியா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "எலோய்சா அவன மன்னிச்சா நானும் இவன மன்னிக்கிறேன், போங்க. எனக்கு இருக்கறதவிட உருட்டியாம்மாவுக்கு விவரம் ஜாஸ்தி."

இருநூறு பேர் கேட்டார்கள். மேடையில் இருந்தவளும் கேட்டாள்.

இனி யாருக்கும் தெரியாத ஒன்று. எந்தப் புத்தகத்தையும் ஒருநாள் முன்னதாக வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறுவாள் சொராய்தா. அப்படிப் பார்த்ததில், இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் டாமியான் ஏன் வரவில்லை என்ற காரணம் இருந்தது. நல்ல காரணம். மனசை உருக்கும் காரணம். செவ்வாய்க்கிழமை அந்த இடம் வந்தபோது, சொராய்தா இரண்டு தாளையும் சேர்த்துப் புரட்டிவிட்டு, குரல் பிசகாமல் இருநூற்றுப் பதினைந்திலிருந்து தொடர்ந்தாள்.

அக்கா இன்னொரு முறை ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை. அடுப்பில் காப்பி பொங்கி வந்தது. ஓர்த்தென்சியா கண்ணாடி முன்னால் நின்று தலைக்குச் சாயம் பூசலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நரை இருக்கட்டும்க்கா. அழகாத்தான் இருக்கு" என்றாள் சொராய்தா.

"உனக்கென்னடி, நீ மேடைல உக்காந்திருக்க. தூரத்துல இருந்து பாத்தா எல்லாரும் அழகுதான்." அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். "அஞ்சு மணிக்கு கேட் வாசலுக்கு வரானாம். பதில் வேணுமாம்."

"என்ன சொல்லப்போற?"

"அந்த எலோய்சா கிறுக்கச்சிய நம்பிச் சத்தியம் பண்ணிட்டேன் பாரு, எனக்கு வேணும். செவ்வாக்கிழமைலேருந்து அவ என்ன பண்றா? எந்தக் காரணமும் இல்லாம அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கறா, கண்ணத் துடைச்சு விடறா. ஏன்? எதுக்கு? ஒரு வரி சொல்ல வேணாமா?" காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். "காரணம் இல்லாம மன்னிக்கறவ பைத்தியக்காரி. நான் பைத்தியக்காரி இல்ல."

சொராய்தா தன் கோப்பையைக் கழுவினாள். அது ஏற்கனவே கழுவின கோப்பை.

*

கூடத்தில் செய்தித்தாள் முடிந்ததோ இல்லையோ, சண்டை ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக இதே சண்டைதான். சுருட்டும் கைகள் நிற்கவில்லை. வாய்கள்தான் கூடுதலாக ஓடின.

"முப்பது வருஷமா உருட்டியாம்மா கதை கேக்கறேன்" என்றாள் ஓர்த்தென்சியாவுக்குப் பக்கத்துப் பலகை நியெவெஸ். "ஒவ்வொரு கதைக்கும் ஒரு கைக்குட்டை நனைச்சிருக்கேன். இந்தத் தடவை அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. ஒரு பொம்பள மனசு மாறினா ஏன் மாறிச்சுன்னு நமக்குத் தெரிய வேணாமா?"

"பொம்பள மனசு மாறறதுக்குக் காரணம் வேற வேணுமா?" பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல்.

"உன் பொண்டாட்டி மனசு மாறி ஓடிப்போனதுக்குக் காரணம் இந்த ஊருக்கே தெரியும், நீ சும்மா இரு!"

சிரிப்பு கூரையைத் தொட்டது.

முதல் வரிசையில் செவெரினோ. எழுபது வயசு, கூடத்திலேயே மூத்த கை. காதல் கதை என்றாலே முகம் சுளிப்பவர்; ஆனால் ஒரு வரியைத் தவறவிட மாட்டார். "எனக்கு இந்தப் பொண்ணப் பிடிச்சிருக்கு" என்றார். "காரணம் கேக்காம மன்னிக்கறா பாரு, அது பெரிய மனசு. போன கதையில வந்தவ கல்யாணப் பந்தலுக்கே கணக்குப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டே வந்தா."

"பெரிய மனசா, மொட்டை மனசா?" நியெவெஸ் எழுந்தே நின்றுவிட்டாள். "நான் சொல்றேன் கேளுங்க. அந்தம்மாவுக்கே ஒரு லெட்டர் எழுதுவோம். கூடத்தோட லெட்டர். இப்படி எங்கள ஏமாத்தலாமான்னு கேப்போம்."

பாதிக் கூடம் பலகையில் தட்டியது. மீதிப் பாதியில் நாலைந்து கத்திகள் தரையில் விழுந்தன. எண்ணிப் பார்த்தார்கள், தட்டியவர்கள் ஜெயித்தார்கள்.

கூடத்தின் சார்பில் எந்தக் கடிதம் போனாலும் எழுதுவது வாசிப்பவளின் கை. அதுதான் வழக்கம். இரங்கல் கடிதமும் அவள்தான், மின்விசிறி கேட்டு எழுதும் மனுவும் அவள்தான்.

"எழுது தங்கச்சி" என்றாள் நியெவெஸ். "நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

சொராய்தா எழுதினாள். 'மதிப்புக்குரிய செலஸ்தே உருட்டியா அம்மாவுக்கு, கபைகுவான் கூடத்தார் எழுதுவது. உங்கள் கதைகளோடுதான் எங்கள் விரல்கள் இத்தனை வருஷம் ஓடின. இந்த முறை எங்களைக் கைவிட்டுவிட்டீர்கள். எலோய்சா எதற்காக மனம் மாறினாள் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.'

அவள் கையெழுத்து எப்போதும் அச்சடித்தது போல இருக்கும். அந்தக் கடைசி வரி மட்டும் சரிந்து கீழே இறங்கியது.

*

சாப்பாட்டு மணி அடித்தது. தொழிற்சாலைப் பின்பக்கத்து மாமரத்தடியில் மைரேலிஸ் காத்திருந்தாள். ஊர் நூலகத்தில் வேலை அவளுக்கு. ஒரு கையில் கறுப்பு அவரையும் சோறும் வைத்த டப்பா. இன்னொரு கையில் 'ஏழாம் வருஷத்து மழை'.

"சாப்பிடுங்கம்மா" என்று டப்பாவை நீட்டினாள். அம்மாவை இரண்டு வாய் சாப்பிட விட்டாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். நடுவில் அடையாளச் சீட்டு செருகியிருந்தது. அதில் ஊதா மையில் பக்க எண். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஊதா மைதான். நூலகத்தில் எத்தனை தடவை கண்டித்தும் மாற்றவில்லை.

இருநூற்றுப் பதினொன்று.

"நூலகத்துக்கு நேத்துதான் ஒரு பிரதி வந்துது. காலைலேருந்து படிச்சேன். ஊர்ல எல்லாரும் எலோய்சாவப் பைத்தியங்கறாங்க. படிச்சா அவ பைத்தியம் இல்லயே." மகள் நிமிர்ந்தாள். "இத நீங்க வாசிக்கல இல்ல?"

சொராய்தா டப்பாவை மூடினாள். பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவள் நல்ல குரல்காரி, சொன்னால் எடுபட்டிருக்கும்.

"வாசிக்கல."

"ஏம்மா?"

"உங்க பெரியம்மா ஒருதரம் அழுததப் பாத்தவ நான். ஆறு மாசம் சரியா சாப்பிடல. நீ அப்ப சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் மைரேலிஸ் சட்டென்று. "எல்லாம் தெரியும்."

"அவ போயிட்டா இந்த வீடு..." சொராய்தா நிறுத்தினாள். இத்தனை நாள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதுதான் உண்மை என்று தெரிந்தது. ஏமாறக்கூடாது என்பதெல்லாம் மேல்பூச்சு.

மைரேலிஸ் ஒரு கோபத்தோடு வந்திருந்தாள். அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டது. புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தாள். "நான் பெரியம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஒளிச்சு வைக்கறது ஒரு நாள் வேலைன்னு நெனக்கறோம்மா. அது உள்ளயே உக்காந்துக்கும். அப்புறம் எழுப்பவே முடியாது."

இருபத்திரண்டு வயசுப் பெண் எங்கே போய் இதைக் கற்றுக்கொண்டாள் என்று சொராய்தாவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

*

உள்ளே கடிதம் வரிசை வரிசையாகக் கையெழுத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. புகையிலைக் கறையோடு நூற்றுப் பத்து கையெழுத்து. ஐந்தாம் வரிசைக்கு வந்தபோது ஓர்த்தென்சியா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். மேடையைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்தம்மா எனக்கு ஒரு நல்லது பண்ணிட்டா, சொராய்தா. காரணம் சொல்லாதவன ஏத்துக்கிட்டா எப்படி இருக்கும்னு காட்டிட்டா. அஞ்சு மணிக்கு அவனுக்கு இல்லன்னு சொல்லிடறேன்."

பேனா தாளில் படுவதற்குள் மைக் கரகரத்தது.

"அக்கா, கையெழுத்துப் போடாத. யாரும் போடாதீங்க."

இருநூறு தலைகள் நிமிர்ந்தன. இலை சுருட்டும் சத்தம் நின்ற கூடம் எப்படி இருக்கும் என்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கே தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

"உருட்டியாம்மா காரணம் எழுதியிருக்காங்க. நாலு பக்கம் எழுதியிருக்காங்க. நான்தான் வாசிக்கல. செவ்வாக்கிழம ரெண்டு தாள சேத்துப் புரட்டினேன். கை தவறி இல்ல. வேணும்னே." குரல் நடுங்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் அவளைத் தாங்கிப் பிடித்தது. "ஏன்னு கேட்டா, எங்கக்கா என்ன விட்டுப் போயிடுவாளோன்னு பயம். வேற ஒன்னும் இல்ல."

முதல் கத்தி செவெரினோவுடையது. கல் தரையில் விழுந்து சுழன்றது. பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி. பதினோரு வருஷத்தில் கதைகளுக்காக விழுந்திருக்கின்றன, வாசிப்பவளுக்காக ஒருநாளும் விழுந்ததில்லை. சொராய்தா காதைப் பொத்தவில்லை. கடைசிக் கத்தி அடங்கும்வரை நின்றாள்.

"இந்த மேடைல நின்னு எனக்குப் பொய் வாசிச்சியா?" என்றார் செவெரினோ. "நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல தாயி. எனக்குத் தெரிஞ்ச உலகமெல்லாம் அந்த மைக் வழியா வந்ததுதான். திங்கக்கிழம கை தூக்கச் சொல்லுவோம், நீ இங்க இருக்கணுமா வேணாமான்னு."

"சரிங்கய்யா. கை தூக்குங்க. ஆனா இப்ப இத வாசிச்சிடறேன். இது எனக்குச் சேர்ந்தது இல்ல. உங்களது."

புத்தகத்தைத் திறந்தாள். எலோய்சாவின் அத்தை செத்துப்போன பிறகு சமையலறையைக் காலி செய்யும் இடம். சோளமாவு டின்னைக் கவிழ்க்கிறாள். மாவோடு மாவாக, அத்தை ஒளித்து வைத்திருந்த ஒரு கடிதம் விழுகிறது. ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி.

சொராய்தா வாசித்தாள்:

'எலோய்சா, நாளைக்கு ரயிலடிக்கு என்னால் வர முடியாது. அப்பாவின் படகு மூன்று நாளாகத் திரும்பவில்லை. தேடிக்கொண்டு தீவுப்பக்கம் போகிறேன். கிடைத்தால் அவரோடு வருகிறேன். கிடைக்காவிட்டால் தனியாக வருகிறேன். எப்படியும் வருகிறேன். ஒரு வாரம் பொறுத்துக்கொள். பெட்டியைப் பிரிக்காதே.'

பெட்டியைப் பிரிக்காதே என்ற இடத்தில் நியெவெஸ் கைக்குட்டை தேடினாள். கிடைக்காமல் ஒரு புகையிலை இலையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எலோய்சா அந்தக் கடிதத்தை மாவு உதிர உதிர நெஞ்சோடு வைத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறாள். அவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். இரண்டு தாளும் முடிந்தன.

யாரோ குனிந்து தரையிலிருந்து கத்தியை எடுத்தார்கள். பலகையில் ஒரு தட்டு. பிறகு மழை பிடித்துக்கொண்டது போல அத்தனை பலகையும். அந்தத் தட்டு தனக்கில்லை, உருட்டியாம்மாவுக்கு என்று சொராய்தாவுக்குத் தெரியும். தலை வணங்காமல் புத்தகத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

தட்டி முடித்த கையோடு மறுபடி சண்டை.

"இப்ப சரியா வருது! அவன் தங்கம்டி, தங்கம்!"

"என்ன தங்கம்? ஒரு வாரத்துல வரேன்னு எழுதினவன் ஏழு வருஷமா ஏன் வரல? ரயில் அவனுக்கு மட்டும் ஓடலயா?"

"எனக்கு முன்னாடி இருந்ததுதான் பிடிச்சிருந்தது" என்று முணுமுணுத்தார் செவெரினோ. "காரணம் இல்லாம மன்னிச்சா, அது மனசு. இது வெறும் தபால் கோளாறு."

"அப்ப அந்த மாவு டின் நீதானாடி, சொராய்தா!" என்று நியெவெஸ் கத்தினாள். கோபமா கேலியா என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தில் பாதி சிரித்தது.

ஓர்த்தென்சியா சிரிக்கவில்லை. அவள் கத்தி தரையிலும் விழவில்லை, பலகையிலும் தட்டவில்லை. கையிலேயே இருந்தது.

*

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் மேடைப் படியருகே வந்து நின்றாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி எவாரிஸ்தோ எனக்கு ஏதாவது எழுதிப் போட்டானா? நம்ம வீட்டுக்கு ஏதாவது வந்துதா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. என் கைக்கு எதுவும் வரல."

அது உண்மை. ஓர்த்தென்சியா தங்கையின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செவ்வாக்கிழமைக்கு முன்னாடி இதச் சொல்லியிருந்தா, சத்தியம் இல்லாமலே நம்பியிருப்பேன்" என்றாள். கை நீட்டி, தங்கையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "நான் அவன்கிட்டயே கேட்டுக்கறேன்."

சொராய்தா மாடிக் கூடத்தின் ஜன்னலுக்குப் போனாள். வேலை முடிந்து அம்மாவை அழைத்துப்போக வந்த மைரேலிஸும் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே கேட் வாசலில் எவாரிஸ்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓர்த்தென்சியா நேராகப் போய், இடுப்பில் கை வைத்து, ஏதோ கேட்டாள். அவன் முதலில் தலை குனிந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். மடிப்பெல்லாம் வெளுத்துப்போன பழைய உறை. இத்தனை வருஷம் எங்கேயோ பத்திரமாக இருந்த உறை.

ஓர்த்தென்சியா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முகவரியின் மேல் யாரோ குறுக்கே எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்: இங்கே யாரும் இல்லை, இனி எழுத வேண்டாம். ஜன்னலிலிருந்து எழுத்தை வாசிக்க முடியாது. ஓர்த்தென்சியாதான் அதை உரக்க வாசித்தாள், தெருவே கேட்கும்படி. ஆனால் சாயங்கால வெயிலில் மையின் நிறம் மட்டும் மாடிவரை தெரிந்தது.

ஊதா.

ஒன்பது வருஷத்துக்கு முன் மைரேலிஸுக்கு வயசு பதின்மூன்று.

ஓர்த்தென்சியா மெதுவாக நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். சொராய்தாவின் சட்டைக் கையை ஒரு கை இறுகப் பிடித்தது.

"அம்மா" என்றாள் மைரேலிஸ். "அந்த மாவு டின் நீங்க இல்ல. நான்."

சொராய்தா மகளின் கையைத் தட்டிவிடவில்லை. "வா" என்றாள். "கீழ போவோம். நான் உன்கூட நிக்கறேன். ஆனா நீதான் சொல்லணும்."

இருவரும் படியிறங்கினார்கள்.

இவ்வளவு நேரம் கிட்டே உட்கார்ந்து கேட்ட கண்ணுகளா, உங்கள் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் உரியவர் கையிலேயே சேரட்டும். உங்கள் மாவு டின்னில் மாவு மட்டுமே இருக்கட்டும். அடுப்பில் காப்பி குறையாமல், பேச வேண்டியதைப் பேச வேண்டிய நேரத்தில் பேசும் துணிவு வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் வாய்த்து, நல்லா இருங்க.